பஸ் திரும்புற இடம்

முதலில் சேக்காட்டில் ஒரு ரூமில் வாடகைக்கு இருந்தோம். பாரிவாக்கத்துக்கு உள்ளே மனை போடுகிறார்கள், விலை கம்மி என்று கம்பெனியில் ஒருத்தன் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரியும் போய்ப் பார்த்தோம். மெயின் ரோட்டில் இறங்கி ரெண்டு மைல் நடை. ஏரிக்கரை. கரை முடிந்ததும் வேலிகாத்தான் முட்காடு. அதைத் தாண்டி வெள்ளையடித்த கல் நட்ட மனைகள். கொஞ்சம் தள்ளிப் பழைய ஊர் தெரிந்தது.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுற்றிப் பார்த்தாள்.

"இங்க காக்கா கூட வழி கேட்டுகினுதான் வரும்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "காத்து நல்லா வருது. வாங்கிடு" என்றாள்.

வாங்கினோம். எண்பதுகளின் நடுவில் அது. ஒரு ரூம், மேலே சிமென்ட் ஷீட்டு, பக்கத்தில் ஓலை போட்ட சமையல் இடம். நாங்கள் போனபோது ஏழெட்டு வீடுதான். ரெண்டு மழைக்காலம் போவதற்குள் தெரு மூன்று ஆகிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் எங்களைப் போலத்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வேலை, ஆவடியில் வேலை, கொத்து வேலை, பெயின்ட் வேலை. பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். பழைய ஊர்க்காரர்கள் நெல்லும் கடலையும் கீரையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கம்பெனிக்காரனுங்க என்பார்கள். கொத்தனாரும் அவர்களுக்குக் கம்பெனிக்காரன்தான்.

என் வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புத் தகடு வெட்டுகிற ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில். தகடு வைக்கணும், பெடலை மிதிக்கணும், எடுக்கணும். அந்தச் சத்தத்தில் பேசினாலும் காதில் விழாது. எனக்கு அது சரியாக இருந்தது. வேலைக்குச் சைக்கிளில் போய் வந்தேன்.

அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே தையல் கற்றுக்கொண்டவள். எஸ்டேட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்று புதிதாக வந்தது. பெண்களாக வேலைக்கு எடுத்தார்கள். போய்க் கேட்டாள். ஒரு காலர் தைத்துக் காட்டச் சொன்னார்கள். தைத்தாள். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள்.

வேலை பிடித்திருந்தது. போய் வருவதுதான் பாடு. காலை எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். எனக்கு ஷிப்ட் மாறும், அவளுக்கு மாறாது. நான் ரெண்டாவது ஷிப்டில் இருக்கிற வாரம் சைக்கிளில் மெயின் ரோடு வரைக்கும் கொண்டுபோய் விடுவேன். மற்ற வாரம் அவள் நடந்து போகணும். அங்கே பஸ் பிடித்து ஆவடி, ஆவடியில் மாறி எஸ்டேட். மெயின் ரோட்டில் பஸ் நிற்காமல் போனால் அன்றைக்குக் கேட் சாத்திவிடும். சாயங்காலம் திரும்பும்போது இருட்டிவிடும். ஏரிக்கரையில் ஒரு விளக்கு கிடையாது. வேறு பெண்கள் யாராவது இறங்குகிறார்களா என்று டீக்கடை ஓரமாக நின்று பார்த்து, சேர்ந்துதான் வருவாள்.

அடிக்கடி லேட்டானது. அங்கே மேற்பார்வை பார்க்கிற அம்மா நல்லவிதமாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆடி மாசம் வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் சரி பண்ணிக்கொள், இல்லாவிட்டால் உன் மிஷினில் வேறு ஆள் உட்கார வைப்பேன் என்று. அப்போது சித்திரை.

கஷ்டமாக இருந்தால் நின்றுவிடு என்றேன். நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இங்க நான் பிரஸ்காரன் பொண்டாட்டி. அங்க எனக்குப் பேரு கீது."

நான் எழுந்து சைக்கிளைத் துடைக்கப் போனேன். ஆனால் அது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

எங்கள் நகரில் சங்கம் ஒன்று இருந்தது. செயலாளர் ஒரு பெயின்டர், எங்களுக்கு நாலு வீடு தள்ளி. கிறிஸ்தவர். நிற்காமல் பேசுவார். நான் துணைத் தலைவர். எனக்கு எதிரி யாரும் இல்லை என்று அந்தப் பதவியைக் கொடுத்தார்கள். நான் பேசாததால் யாருக்கும் என் மேல் கோபம் வரவில்லை, அவ்வளவுதான். கூட்டத்தில் தெருவிளக்கு, குடிதண்ணீர், ரேஷன் கடை என்று எல்லாம் பேசுவார்கள். நான் உட்கார்ந்திருப்பேன்.

அந்த மாசக் கூட்டத்தில் நான் பஸ் வேணும் என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸுக்காக இல்லை, நான் வாயைத் திறந்ததற்காக.

செயலாளர் சொன்னார், "மாமே, நீ கேட்டு இல்லன்னு சொன்னா கர்த்தருக்கே அடுக்காது."

நானும் அவரும் ஆவடி பஸ் டிப்போவுக்குப் போனோம். ரெண்டு மூன்று தடவை போனோம். பேசுவது அவர் வேலை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பது என் வேலை. கடைசியில் ஒரு அதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். நிதானமான மனுஷன். ரோடு எப்படி இருக்கிறது, எத்தனை வீடு, யார் யார் ஏறுவார்கள் என்று எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு நானே வந்து பார்க்கிறேன் என்றார். ஒரே ஒரு விஷயம் முக்கியம் என்றார். கடைசியில் வண்டி ஒரே வீச்சில் திரும்ப இடம் இருக்கணும். பின்னால் எடுத்துத் திருப்புகிற ஊருக்கு வண்டி கிடையாது. பிள்ளைகள் ஓடுகிற இடம், ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றார்.

எங்கள் கடைசித் தெரு முடிகிற இடத்தில் புறம்போக்கு நிலம் ஒன்று இருந்தது. பள்ளம். அதை ஒட்டிப் பழைய ஊர் விவசாயி ஒருவரின் களம். நெல் அடிக்கிற களம், கடலை காயவைக்கிற களம். அவர் வீட்டுப் பெண்கள் சாணி போட்டு மெழுகி மெழுகி அந்தத் தரை கல் மாதிரி இருக்கும். களத்தில் செருப்போடு யாரும் ஏறக்கூடாது. சோறு கிடக்கிற இடம் என்பார்கள். வந்த புதிதில் நான் தெரியாமல் குறுக்கே நடந்துவிட்டேன். அவர் தூரத்திலிருந்தே கேட்டார், "கம்பெனிக்காரரே, இன்னா துன்றீங்க, தகரமா?" அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் சுற்றித்தான் போவேன்.

செயலாளர் அவரிடம் போய், களத்தின் ஓரமாக வண்டி திரும்பிக்கொள்ளட்டும் என்று கேட்டார். நானும் கூட நின்றேன்.

"நான் பெத்த புள்ளையே செருப்பு போட்டுகினு ஏற மாட்டான் நைனா. நீ டயரு ஏத்தப் போறியா?" என்றார் களத்துக்காரர். அதோடு முடிந்தது.

சரி, பள்ளத்தைத் தூர்ப்பது என்று முடிவு செய்தோம். எஸ்டேட்டில் வார்ப்படப் பட்டறைகளில் சுட்டுப்போன கருப்பு மணலை வெளியே கொட்டி வைத்திருப்பார்கள். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று இருப்பார்கள். தெரிந்த டிராக்டர்காரர்கள் வெறும் வண்டியாகத் திரும்பும்போது கொண்டுவந்து கொட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். ரோட்டு வளைவுகளில் வேலிகாத்தானை வெட்டினோம். கிராவல் போட்டோம். பெண்கள் கூடை தூக்கினார்கள். என் வீட்டுக்காரி கையில் முள் ஏறி, ரெண்டு நாள் ஊசி பிடிக்கக் கஷ்டப்பட்டாள். கிறிஸ்தவர்கள் ஆவடியில் சர்ச் ஆராதனை முடிந்துதான் வருவார்கள். அதற்குள் இட்லி தீர்ந்துவிடும். "நாங்க ஜெபம் பண்ணிகினு வர்றதுக்குள்ள நீங்க துன்னு தீத்துடறீங்க, எங்க ஜெபம்தான் உங்களுக்கு செரிக்குது" என்று செயலாளர் சொல்வார். அவருக்கென்று என் வீட்டுக்காரி தனியாக எடுத்து வைத்திருப்பாள்.

மண் கொட்டி, தண்ணீர் விட்டு, கல் உருளையை ஆளாளுக்கு இழுத்தோம். பார்க்கக் கறுப்பாக, சமமாக, கம்பெனித் தரை மாதிரி இருந்தது. எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

வைகாசி கடைசியில் வண்டி வருகிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

இங்கேதான் நாங்கள் அந்தக் காரியத்தைச் செய்தோம்.

கம்பெனியில் புது மிஷின் இறங்கினால் ஒரு முறை உண்டு. அது நிற்கப்போகிற இடத்தைச் சுற்றிக் கம்பு நட்டு, மேலே பந்தல் மாதிரி கட்டி, மாவிலைத் தோரணம் விடுவோம். மிஷினைத் தள்ளிக்கொண்டு போய் அதற்குள் நிறுத்தி, பொட்டு வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்த பிறகுதான் ஸ்விட்ச் போடுவோம். எல்லாக் கம்பெனியிலும் இதுதான் பழக்கம். வேலை செய்கிற எவனும் அதைக் குறைத்துச் செய்ய மாட்டான்.

முதல் வண்டி வருகிறது, சும்மா விட முடியுமா என்று செயலாளர் கேட்டார். யாருக்கும் சும்மா விட மனசில்லை. சனிக்கிழமை மத்தியானமே சவுக்குக் கட்டை வந்தது. அந்தக் கருப்பு மண்ணில் நடுவாக இடம் பார்த்து, ரெண்டு பக்கமும் எதிரேயும் ஆழமாகக் குழி எடுத்து நட்டோம். நான்தான் கட்டைகளை நேர் பார்த்து நிறுத்தினேன். உயரம் சரியாக விட்டோம். மேலே துணி கட்டினோம், கலர் பேப்பர் ஒட்டினோம். வாழைமரம் வந்தது. வேலை சுத்தமாக இருந்தது.

களத்துக்காரர் தன் கடலையைக் கிளறிவிட்டுக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தார். இது எதற்கு என்று கேட்டார். வண்டிக்கு என்றோம். அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் ஒரு மழை அடித்தது. பந்தல் அசையவில்லை. எங்களுக்கு இன்னும் பெருமையாகப் போய்விட்டது.

மறுநாள் காலையில் ஊரே கூடிவிட்டது. செயலாளருக்குச் சொந்தக்காரர்கள் பேண்டு செட்டோடு வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரி நல்ல புடவை கட்டிக்கொண்டு பெண்களோடு நின்றாள். ராத்திரி அவள் சரியாகத் தூங்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

ஏரிக்கரை மேல் வண்டி வருவது ரொம்ப தூரத்திலேயே தெரிந்தது. அந்தக் கரையில் மாடு, சைக்கிள், டிராக்டர் தவிர எதையும் நாங்கள் பார்த்ததில்லை. மெதுவாக வந்தது. வளைவுகளில் இடிக்காமல் வந்தது. நேராகப் பந்தலுக்குள் வந்து நின்றது. அளவு அப்படியே பொருந்தியது. கை தட்டினார்கள். டிரைவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். கண்டக்டரும் அதிகாரியும் இறங்கினார்கள். மாலை போட்டோம். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். பூசணிக்காய். செயலாளர் பேச ஆரம்பித்துக் கொஞ்சம் நீளமாகவே பேசினார். பேண்டு முழங்கியது.

எல்லாம் முடிந்தபின் அதிகாரி, சரி, வண்டியைத் திருப்புங்க பார்க்கலாம் என்றார்.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். எதிரே பார்த்தார். கட்டை. இடது பக்கம் பார்த்தார். கட்டை. வலது பக்கம் பார்த்தார். அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"எங்கய்யா திருப்பறது? வண்டிக்கு ஊடு கட்டி வெச்சிகிறீங்க."

பேண்டு நின்றது. பேண்டுக்காரன் ஒருத்தன் மட்டும் விஷயம் தெரியாமல் இன்னும் கொஞ்சம் வாசித்து, அவனும் நிறுத்தினான். மிஷின் வந்தால் நகராது. பஸ் நகரும். அத்தனை பேர் சேர்ந்து வேலை செய்தோமே, ஒருத்தனுக்கும் அது தோணவில்லை. கட்டைகளை நேர் பார்த்து நிறுத்தின எனக்கும் தோணவில்லை.

பிடுங்கினோம். நட்டதை விடச் சீக்கிரம் பிடுங்கினோம். துணியைச் சுருட்டினோம். வாழைமரத்தைத் தூக்கிப் போட்டோம். டிரைவர் வண்டியை எடுத்தார். நேற்றைய மழையில் கருப்பு மண் உள்ளே ஊறியிருந்தது. கட்டை பிடுங்கின குழியில் பின் சக்கரம் இறங்கிவிட்டது. தள்ளினோம். இன்னும் இறங்கியது.

அதற்கு எங்களுக்கு வழி தெரியும். அந்தச் சவுக்குக் கட்டைகளையே சக்கரத்துக்கடியில் கொடுத்து, ரெண்டைக் கடப்பாரை மாதிரிப் போட்டுத் தூக்கி, வண்டியை வந்த வழிப் பக்கம் மேலே ஏற்றிவிட்டோம். மேலெல்லாம் சேறு. வண்டி தப்பித்தது. ஆனால் திரும்பவில்லை.

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடம் போதும், ஆனால் மண் இறுகவில்லை, மழைக்காலத்தில் தாங்காது என்றார். இந்தத் தடவை ஆள் நிறுத்திப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போகிறோம், தரையைக் கெட்டி பண்ணிவிட்டு அடுத்த வருஷம் கேளுங்கள் என்றார். சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் நடந்தார்.

அடுத்த வருஷம் என்றதும் நான் அவளைப் பார்த்தேன். ஆடிக்கு ஒரு மாசம்தான் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

களத்துக்காரர் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மழைக்கு மூடிவைத்திருந்த கடலையைக் காலையில்தான் மறுபடி பரப்பியிருந்தார்கள். அவள் நேராகப் போனாள். களத்து ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டாள். ஏறவில்லை, ஓரத்திலேயே நின்றாள்.

"அண்ணாத்தே, கடலைய அள்ளட்டுமா?"

"ஏன், மழ வருதா?"

"வண்டி வரணும்."

அவர் ஒரு கடலையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். பழைய ஊர்க்காரர்கள், எங்கள் நகர்க்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தனை பேர் முன்னால் அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

"ஆடி வந்தா என்ன வேலைய வுட்டு நிறுத்திடுவாங்க. நானும் நடந்து பாத்துட்டேன் அண்ணாத்தே, ஆவல. ஒரு தபா திரும்பட்டும். தரை பேந்துச்சின்னா நான் வந்து மெழுவித் தரேன்."

"நீ மெழுவுவியா? சட்ட தெக்கிற கையி."

"சாணி அல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

களத்துக்காரர் சம்சாரம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய்க் கூடையும் முறமும் எடுத்துக்கொண்டு வந்து, புருஷனைக் கேட்காமல் உட்கார்ந்து அள்ள ஆரம்பித்துவிட்டார். பிறகு என் வீட்டுக்காரி ஏறினாள். பிறகு எல்லாப் பெண்களும். களத்துக்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"நேத்தே பாத்தேன். நீங்களா கண்டுபுடிப்பீங்கன்னு வுட்டேன். பெரிய மெக்கானிக்குங்க."

எழுந்து வண்டிப் பக்கம் போனார். டிரைவரிடம், "வண்டிக்கு செருப்பு கழட்ட முடியாது, அது எனக்குத் தெரியும். நீ கழட்டு" என்றார்.

டிரைவர் சிரித்தார். சுற்றி யாரும் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கண்டக்டர் கையில் கொடுத்தார். கண்டக்டர் தன்னுடையதையும் சேர்த்துக் கழற்றி எல்லாவற்றையும் எங்கள் மண்ணில் வைத்தார். அதிகாரி எதுவும் கேட்காமல் ஷூவைக் கழற்றி, சாக்ஸை அதற்குள் திணித்து ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு களத்தில் ஏறி நின்று, கையைக் காட்டி வழி சொன்னார்.

வண்டி கருப்பு மண்ணின் ஓரமாக வந்து, களத்தில் ஏறி, ஒரே வீச்சில் திரும்பி நின்றது. எஞ்சின் சத்தம் நின்றதும் களத்துக்காரர் குனிந்து தரையைப் பார்த்தார். கையால் தடவினார். டயர் அச்சு கொஞ்சம் தெரிந்தது. தரை பெயரவில்லை.

"ஒண்ணும் ஆவல" என்றார். ஏதோ ஆகியிருக்கணும் என்பது போல்தான் சொன்னார்.

தினமும் திருப்ப விடுவீர்களா என்று அதிகாரி அவரைக் கேட்டார். நெல் அடிக்கிற மாசம் மட்டும் கிட்ட வரக்கூடாது, அதற்குள் இவர்கள் அந்தக் கருப்பு மண்ணைக் கெட்டி பண்ணட்டும், மற்ற மாசம் திருப்பிக்கொள்ளலாம் என்றார் களத்துக்காரர். அப்படியே செய்தோம். தை வருவதற்குள் சரளைக் கல் கொட்டித் தரையைக் கெட்டிப்படுத்தினோம். அதற்கப்புறமும் பல வருஷம் டிரைவர்கள் அங்கே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் திருப்பினார்கள். புதிதாக வருகிற டிரைவருக்குக் கண்டக்டர் சொல்லிவிடுவார். களத்துக்காரர் வீட்டார் களத்தை வீடு கட்டப் பிரித்த பிறகுதான் அந்தப் பழக்கம் நின்றது.

அன்றைக்கு இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடைதான் தர முடியும், எத்தனை மணிக்கு வேணும் என்று அதிகாரி கேட்டார்.

ஆளாளுக்குக் கத்தினார்கள். முதல் ஷிப்டுக்காரர்கள் அஞ்சுக்கு என்றார்கள். ஆபீஸ் வேலைக்காரர் ஒருவர் ஒன்பதுக்கு என்றார். பள்ளிக்கூடத்துக்கு எட்டரை. செயலாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதிகாரி என்னைத் துணைத் தலைவர் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நீங்கள் சொல்லுங்கள் என்றார். அந்த வாரம் எனக்கும் முதல் ஷிப்ட்தான். அஞ்சு மணி வண்டி என்றால் எனக்குச் சைக்கிள் மிச்சம்.

"அவங்களக் கேளுங்க" என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏழு மணிக்கு இங்க எடுக்கணும் சார். சாயங்காலம் ஆவடிலேர்ந்து ஆறரைக்கு."

அந்த நேரத்துக்கு யார் யார் ஏறுவீர்கள் என்று அவர் கேட்டார். எஸ்டேட்டுக்குத் தையல் வேலைக்குப் போகிற பெண்கள் நின்றார்கள். ஆவடியில் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் நின்றார்கள். தலையில் கீரைக் கட்டு சுமந்து மெயின் ரோடு வரை நடக்கிற பழைய ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தராக முன்னால் வந்தார்கள். பள்ளிக்கூடம் கேட்டவர்களும் ஏழுக்கே அனுப்புகிறோம் என்றார்கள். களத்துக்காரர் சம்சாரமும் வந்து நின்றார்.

"நீ எங்கடி போற?" என்றார் அவர்.

"மார்க்கெட்டுக்கு. நீ வேணா பின்னாலியே நடந்து வா."

அதற்குத்தான் அன்றைக்கு முதல்முதலாக எல்லாரும் சேர்ந்து சிரித்தோம். அதிகாரியும் சிரித்தார். ஏழு மணி என்று சொல்லிவிட்டு ஷூவைப் போட்டுக்கொண்டார்.

அஞ்சு மணி கேட்டவர்கள் என் மேல் கொஞ்ச நாள் வருத்தமாக இருந்தார்கள். துணைத் தலைவர் பொண்டாட்டி பேச்சைக் கேட்கிறான் என்றார்கள். கேட்டேன்தான்.

ஆனி பிறந்ததும் வண்டி வர ஆரம்பித்தது. முதல் நாள் எனக்கு முதல் ஷிப்ட். இருட்டிலேயே கிளம்பிவிட்டேன். அவள் ஏறினதை நான் பார்க்கவில்லை. பிரஸ்ஸில் நின்றுகொண்டு ஏழு மணிக்கு ஒரு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டுக்கு ஒரு தடவை பார்த்தேன். கவனமாக வேலை செய் என்று பக்கத்து மிஷின்காரன் ஜாடை காட்டினான்.

சாயங்காலம் களத்தருகே போய் நின்றேன். களத்துக்காரர் அங்கேயே இருந்தார். என்னைப் பார்த்து உட்காரச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் கடலை கொடுத்தார், தின்றோம். இருட்டினபோது ஏரிக்கரை மேல் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் பட்டு ஏரித் தண்ணீர் தெரிந்தது. அவ்வளவு நாள் அங்கே இருந்தும் ராத்திரியில் அந்தத் தண்ணீரை நான் பார்த்ததில்லை.

வண்டி திரும்பி நின்றது. கூடைகளோடு பெண்கள் இறங்கினார்கள். அவள் கடைசியாக இறங்கினாள். தலையெல்லாம் கலைந்திருந்தது. டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டேன். நடந்தோம்.

வீட்டுப் பக்கம் வந்ததும் கேட்டேன், கேட்டைச் சாத்துவதற்குள் போய்விட்டாயா என்று.

"போயி உக்காந்து, நூல் கோத்து, ஒரு காலர் தெச்சி முடிச்சப்பறம்தான் சாத்தனாங்க."

"அந்தம்மா இன்னா சொன்னாங்க?"

"பேரச் சொல்லிக் கூப்ட்டு, வேலையப் பாருன்னாங்க."

பூட்டைத் திறந்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"ஆனா உக்கார எடமில்லய்யா. இங்க எடுக்கறதுக்குள்ளயே ரொம்பிப் போச்சி. ஆவடி வரைக்கும் நின்னுகினேதான் போனேன். ஞாயித்துக்கெழம சங்கத்துல இன்னொரு வண்டி கேளு."

சரி என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.